நொதி இறங்கிய நாள், மஞ்சள் ஏறிய நாள்: கடுமையான கல்லீரல் செயலிழப்பு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இது ஒரு தனி மனிதரின் மருத்துவக் கோப்பு அல்ல. பாராசிட்டமால் அளவு மீறிக் கல்லீரல் செயலிழந்து வருபவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் போக்கை ஒரே நோயாளியின் மீது ஏற்றி, எண்களையும் அதற்கேற்ப அமைத்திருக்கிறேன். இந்த நோயாளி வகையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கல்லீரல் ரிப்போர்ட் என்றாலே எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற இரண்டு ஈரல் நொதிகளின் வரிகளைத் தேடிப் பார்ப்பதுதான் பலருக்கும் பழக்கம். அந்த இரண்டு வரிகளும் எவ்வளவு தூரம் ஏமாற்றக்கூடும் என்பது இத்தகையவர்களிடம்தான் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது.

வந்தபோது

வயது 42, எடை 56 கிலோ. பெண். மதுப்பழக்கம் இல்லை. சர்க்கரை நோயோ முன்பு கல்லீரல் கோளாறோ இருந்ததில்லை. இரண்டு நாட்களாக வாந்தி, வலது விலாவுக்குக் கீழே வலி. கண்ணில் மஞ்சள் இருக்கிறதா இல்லையா என்று இரண்டு மருத்துவர்கள் வாதிடலாம், அவ்வளவுதான் இருந்தது. இரைப்பைக் கோளாறு என்று ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடிய தோற்றம்.

அப்படி அனுப்ப விடாமல் தடுத்தது கணவர் சொன்ன ஒரு தகவல்: "காலையிலிருந்து கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்கிறாள்."

ஒப்புதல் படிவத்தில் பெயரை எழுதச் சொன்னபோது, இரண்டாம் எழுத்தோடு பேனா நின்றது. சற்றுத் தள்ளி மறுபடியும் முதல் எழுத்திலிருந்து தொடங்கினார். அதில் ஏதோ தவறு என்பது அவருக்குத் தெரியவில்லை. இரு கைகளையும் நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி, விரல்களை விரித்துப் பிடிக்கச் சொன்னால், சில நொடிகளுக்கு ஒருமுறை உள்ளங்கை சட்டென்று தாழ்ந்து எழுந்தது. நடுக்கம் என்று குறிப்பில் எழுதுகிறோம். உண்மையில், தசைக்குப் போகும் கட்டளை கணநேரம் அறுந்து மீண்டும் சேருவதுதான் அது. கல்லீரலைப் பற்றி மூளை சொல்லும் முதல் செய்தி.

"அளவுக்கு மீறி மாத்திரை சாப்பிட்டாரா?" என்று கேட்டிருந்தால், குடும்பத்தினர் இல்லை என்றே சொல்லியிருப்பார்கள். அது பொய்யாகவும் இருந்திருக்காது. "வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்து வாருங்கள்" என்பதுதான் பயன் தரும் கேள்வி. அட்டைகள் வந்தன. நான்கு நாட்களாகக் கடைவாய்ப் பல்லில் வலி. 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இரண்டு வீதம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. வளர்ந்தவருக்கு ஒரு நாளைய உச்ச வரம்பான 4 கிராம் இதிலேயே முடிந்துவிடுகிறது. வலி பொறுக்காத இரவுகளில் கூடுதலாக இரண்டு. இதற்கிடையில் சளி பிடித்ததால் ஒரு கூட்டு மாத்திரை, நாளுக்கு மூன்று வேளை. அதன் ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இருந்தது, பொடி எழுத்தில். கூடுதல் மாத்திரை சாப்பிட்ட நாட்களில் மொத்தம் 6 கிராமுக்கு மேல். மெல்ல முடியாததால் இந்த நாட்களில் உணவும் அரைகுறை.

தற்கொலை எண்ணத்தோடு ஒரே மூச்சில் விழுங்கியவர்கள் பெரும்பாலும் சீக்கிரம் கொண்டுவரப்படுகிறார்கள். எல்லோருக்கும் பதற்றம் இருக்கும். இப்படி வலிக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக மீறியவர்கள் தாமதமாகத்தான் வருகிறார்கள், ஈரல் கெட்ட பிறகு.

முதல் ரத்தப் பரிசோதனை

எஸ்.ஜி.ஓ.டி. 11,200. எஸ்.ஜி.பி.டி. 8,400. இயல்பான அளவு சுமார் 40 என்பதை நினைத்துப் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றும். மஞ்சள் நிறமியான பிலிரூபின் 2.8 மில்லிகிராம். ரத்தம் உறைதலைக் காட்டும் ஐ.என்.ஆர். 3.9 (இயல்பு 1-ஐ ஒட்டி). குளுக்கோஸ் 48. லாக்டேட் 4.6. அம்மோனியா 112. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.7, யூரியா 14. ஆல்புமின் 3.9. தமனி ரத்தத்தின் அமிலநிலையைக் காட்டும் பி.எச். 7.34.

ரத்தத்தில் பாராசிட்டமால் அளவு மிகக் குறைவாகவே இருந்தது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. ருமாக், மேத்யூ இருவரும் 1975-இல் வெளியிட்ட வரைபடத்தில் மருந்தின் அளவையும் நேரத்தையும் பொருத்தி ஆபத்தைக் கணிப்பது உலகெங்கும் வழக்கம். ஆனால் அது ஒரே தடவையில், தெரிந்த நேரத்தில் விழுங்கியவர்களுக்கு மட்டுமே செல்லும். நான்கு நாட்கள் பிரித்துச் சாப்பிட்டவருக்கு அந்தக் கோட்டில் இடமே இல்லை. மருந்து ரத்தத்தை விட்டுப் போய்விட்டது, அது செய்த வேலை ஈரலில் தங்கிவிட்டது.

நொதிகள் ஆயிரக்கணக்கில் எகிறுவதற்குக் காரணங்கள் அதிகம் இல்லை: மருந்து அல்லது நச்சு, வைரஸ், ஈரலுக்கு ரத்த ஓட்டம் நின்றுபோதல். ஹெபடைடிஸ் ஏ, பி, ஈ பரிசோதனைகள் எதிர்மறை. தன்னெதிர்ப்பு நோய்க்கும், ஈரலில் செம்பு சேரும் வில்சன் நோய்க்கும் தடயம் இல்லை. டாப்ளர் ஸ்கேனில் ஈரல் சிரைகள் திறந்தே இருந்தன. முன்பு நோயில்லாத கல்லீரல், 26 வாரங்களுக்குள் ஐ.என்.ஆர். 1.5 அல்லது அதற்கு மேல், கூடவே நினைவுத் தடுமாற்றம்: இந்த மூன்றும் சேர்ந்தால் அதற்குப் பெயர் கடுமையான கல்லீரல் செயலிழப்பு. இவருக்கு மூன்றும் இருந்தன.

நஞ்சு எங்கே பிறந்தது

பாராசிட்டமால் நேராக நஞ்சு அல்ல. உட்செல்லும் மருந்தில் பெரும்பகுதியைக் கல்லீரல் குளுக்குரோனைடு, சல்ஃபேட் ஆகியவற்றோடு பிணைத்துச் சிறுநீரில் போகும் பொருளாக்கிவிடுகிறது. நூற்றில் ஐந்து முதல் பத்து பங்கு மட்டும் சைட்டோகுரோம் என்ற நொதி வழியே போய், என்.ஏ.பி.கியூ.ஐ. என்னும் வெறி பிடித்த மூலக்கூறாகிறது. செல்லில் இருக்கும் குளூட்டாதயோன் என்ற காப்புப் பொருள் அதை உடனே பிடித்து அடக்கிவிடும். வரம்புக்குள் மாத்திரை சாப்பிடும் கோடிக்கணக்கானோர் உடலில் தினமும் நடப்பது இதுதான். யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை.

முதல் இரண்டு பாதைகள் நிரம்பிவிட்டால் மூன்றாவதில் கூட்டம் சேர்கிறது. குளூட்டாதயோன் கையிருப்பு, இயல்பில் மூன்றிலொரு பங்குக்குக் கீழே போகும்போது, அடக்க ஆளில்லாத மூலக்கூறு செல்லின் புரதங்களில், முக்கியமாக மைட்டோகாண்ட்ரியாவில், ஒட்டிக்கொள்கிறது. செல்லின் ஆற்றல் உற்பத்தி நின்று செல் உடைகிறது. பட்டினி கிடப்பவருக்குக் குளூட்டாதயோன் ஏற்கெனவே குறைவு. பல்வலி இங்கே இரண்டு பக்கமும் இடித்தது: மாத்திரையைக் கூட்டியது, உணவைக் குறைத்தது.

சேதம் ஈரல் முழுவதும் சமமாகப் பரவுவதில்லை. ஈரலின் சிற்றலகான ஒவ்வொரு நுண்மடலிலும் ரத்தம் ஓரத்திலிருந்து நுழைந்து நடுச்சிரையை நோக்கி ஓடுகிறது. ஓரத்துச் செல்களுக்கு ஆக்சிஜன் தாராளம். நடுச்சிரையைச் சுற்றிய செல்களுக்கு மிச்சம்மீதி. அந்த நச்சு மூலக்கூறைத் தயாரிக்கும் சைட்டோகுரோம் அதிகம் இருப்பதும் நடுவில்தான். ஆகவே நடுப்பகுதி செத்து, ஓரப்பகுதி தப்பிக்கிறது. ஓரத்தில் தப்பிய அந்தச் செல்கள்தான் இந்த நோயாளியின் முழு மூலதனம்.

சிகிச்சை

மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன், குளூட்டாதயோன் தயாரிக்கத் தேவையான சிஸ்டீனைத் தருகிறது. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஏறக்குறைய முழுப் பாதுகாப்பு. தாமதமானாலும், செயலிழப்பு தொடங்கிய பிறகும்கூட, உயிர் பிழைக்கும் வாய்ப்பை அது கூட்டுகிறது. ஆகவே காத்திருக்கவில்லை. கிலோவுக்கு 150 மில்லிகிராம் கணக்கில் முதல் ஒரு மணி நேரத்தில் 8.4 கிராம். அடுத்த நான்கு மணி நேரத்தில் 2.8 கிராம். அதன் பின் பதினாறு மணி நேரத்தில் 5.6 கிராம். வழக்கமான திட்டம் அங்கே முடியும். இவருக்கு ஐ.என்.ஆர். திரும்பும்வரை கடைசி வேகத்திலேயே தொடர வேண்டியிருந்தது.

முதலில் ஓடியது அதுகூட இல்லை, குளுக்கோஸ். மயக்கத்துக்குக் கல்லீரல் காரணம் என்று முடிவு கட்டுவதற்கு முன் குளுக்கோமீட்டரைப் பார்ப்பது கட்டாயம். ஈரலில் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் ஏறத்தாழ 100 கிராம். ஒரு நாள் பட்டினிக்கே அது போதாது. அதன் பிறகு லாக்டேட், அமினோ அமிலங்கள், கிளிசரால் ஆகியவற்றிலிருந்து புதிய குளுக்கோஸ் செய்வதும் பெரும்பாலும் கல்லீரல்தான். செல் செத்தால் கிடங்கும் போய்விட்டது, ஆலையும் போய்விட்டது. லாக்டேட் 4.6 என்று தேங்கியதும் இதே கதையின் மறுபக்கம்: உடல் வெளியேற்றும் லாக்டேட்டில் பெரும்பகுதியை எடுத்துப் பயன்படுத்தும் உறுப்பு வேலை செய்யவில்லை.

பி.எச்., ஐ.என்.ஆர்., கிரியாட்டினின், நினைவுநிலை ஆகியவற்றை வைத்து யாருக்கு மாற்று ஈரல் இல்லாமல் பிழைப்பது அரிது என்று கணிக்கும் வரையறையை, லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனைக் குழு 1989-இல் தந்தது. பாராசிட்டமால் நோயாளிகளில், திரவம் ஏற்றிய பிறகும் பி.எச். 7.3-க்குக் கீழே இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் ஐ.என்.ஆர். 6.5-க்கு மேல், கிரியாட்டினின் 3.4-க்கு மேல், மூன்று அல்லது நான்காம் நிலை மயக்கம் மூன்றும் ஒரே சமயத்தில் சேர வேண்டும். தொடக்க லாக்டேட் 3.5-ஐத் தாண்டுவதும் எச்சரிக்கை என்று பின்னர் சேர்க்கப்பட்டது. அந்த ஒரு எண்ணை வைத்தே முதல் நாளே மாற்று அறுவைக் குழுவோடு பேச்சு தொடங்கியது. செயலிழந்த கல்லீரலோடு நான்காம் நிலை மயக்கத்தில் ஒருவரை வண்டியில் ஏற்றி அனுப்புவதைவிட, பேசிக்கொண்டிருக்கும்போதே அனுப்புவது எவ்வளவோ மேல்.

இரண்டாம் நாள்

எஸ்.ஜி.ஓ.டி. 5,900. எஸ்.ஜி.பி.டி. 6,300.

மகள் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "பாதியாகக் குறைந்துவிட்டதே டாக்டர்" என்றாள். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். அதே தாளில் சில வரிகள் கீழே ஐ.என்.ஆர். 6.1 என்று இருந்தது. அம்மோனியா 178. கிரியாட்டினின் 2.9. அன்று மதியம் நோயாளி பெயர் சொல்லி அழைத்தால் கண் திறக்கவில்லை. வலி கொடுத்தால் முனகினார்.

இந்த நொதிகள் கல்லீரல் செய்யும் வேலையின் அளவுகோல் அல்ல. செல்லுக்குள் இருக்க வேண்டியவை, செல் உடைந்ததால் ரத்தத்தில் கொட்டியவை. வீடு எரியும்போது புகை அடங்கினால் தீ அணைந்திருக்கலாம், எரிய இனி ஒன்றும் மிச்சமில்லை என்றும் இருக்கலாம். எஸ்.ஜி.ஓ.டி.யின் அரை ஆயுள் ஒரு நாளுக்கும் குறைவு. எஸ்.ஜி.பி.டி.யின் அரை ஆயுள் ஏறக்குறைய இரண்டு நாள். புதிதாகச் செல் உடைவது நின்றுவிட்டால் முதலாவது வேகமாகச் சரியும். அது நல்ல செய்திதான். ஆனால் நல்லதா கெட்டதா என்பதை அந்த எண்ணால் சொல்ல முடியாது. பக்கத்தில் ஐ.என்.ஆர். வேண்டும்.

ஐ.என்.ஆர். ஏன் இவ்வளவு நேர்மையானது? ரத்தம் உறையத் தேவையான காரணிகளில் பெரும்பாலானவற்றைச் செய்வது கல்லீரல். அவற்றில் ஏழாம் காரணி ரத்தத்தில் சில மணி நேரமே தாங்கும். இன்று காலை உற்பத்தி நின்றால் இன்று இரவே தட்டுப்பாடு தெரியும். ஆல்புமினும் ஈரலின் சரக்குதான், ஆனால் அதன் அரை ஆயுள் சுமார் இருபது நாட்கள். அதனால்தான் ஈரல் ஸ்தம்பித்த அன்றும் ஆல்புமின் 3.9 என்று ஒன்றும் நடக்காததுபோல் நின்றது. எட்டாம் காரணி இன்னொரு வேடிக்கை. அது ரத்தக்குழாய்ச் சுவரின் உட்செல்களில் உற்பத்தியாவதால், மற்றவை சரியும்போது அது மட்டும் ஏறி நிற்கும்.

6.1 என்ற எண்ணைப் பார்த்ததும் பிளாஸ்மா ஏற்றச் சொல்லி வற்புறுத்துபவர்கள் எப்போதும் உண்டு. ரத்தக்கசிவு இல்லாதவரை ஏற்றக் கூடாது என்பதே சரி. ஏற்றினால் எண் அழகாகிவிடும், ஈரல் என்ன செய்கிறது என்று பார்க்க இருந்த ஒரே சன்னலும் மூடிவிடும். அதோடு, உறைதலைத் தடுக்கும் புரதங்களையும் கல்லீரல்தான் செய்கிறது. இரண்டும் ஒன்றாகக் குறைவதால், எண் பயமுறுத்தும் அளவுக்கு இந்த நோயாளிகளுக்கு ரத்தம் கொட்டுவதில்லை. வைட்டமின் கே மட்டும் கொடுக்கப்பட்டது.

யூரியாவையும் கவனிக்க வேண்டும். கிரியாட்டினின் 2.9-க்கு ஏறியும் யூரியா 16-தான். சிறுநீரகம் பழுதானால் இரண்டும் சேர்ந்தல்லவா ஏற வேண்டும்? யூரியாவைச் செய்வதே கல்லீரல். அமினோ அமிலங்கள் சிதையும்போதும் குடலில் பாக்டீரியா வேலை செய்யும்போதும் வரும் அம்மோனியாவை அது யூரியாவாக மாற்றுகிறது. கிரெப்ஸும் ஹென்ஸலைட்டும் 1932-இல் கண்டறிந்த சுழற்சி இது. சுழற்சி நின்றால் யூரியா குறைகிறது, அம்மோனியா சேர்கிறது. குறைவான யூரியாவைப் பார்த்துச் சிறுநீரகம் நலம் என்று ஆறுதல் கொள்வது இந்த வார்டில் ஆபத்தான பழக்கம்.

சேர்ந்த அம்மோனியா மூளைக்குப் போகிறது. அங்குள்ள நட்சத்திர வடிவ ஆஸ்ட்ரோசைட் செல்கள் அதை குளூட்டமேட்டோடு சேர்த்து குளூட்டமினாக்கி அடக்க முயல்கின்றன. குளூட்டமின் சேரச் சேர அவை தண்ணீரை உறிஞ்சி வீங்குகின்றன. மண்டையோடு விரியாது. நீண்டநாள் ஈரல்சுருக்க நோயாளிக்கு இதே அளவு அம்மோனியா இருந்தாலும் அவர் மந்தமாகப் பேசிக்கொண்டிருப்பார், ஏனென்றால் அவரது மூளைச் செல்கள் வேறு கரைபொருட்களை வெளியேற்றி மெல்ல ஈடுகட்டிக்கொண்டிருக்கும். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் விழுந்தவருக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. கடுமையான செயலிழப்பில் உயிரைக் குடிப்பது பல வேளைகளில் இந்த மூளை வீக்கம்தான்.

அன்று மாலையே சுவாசக்குழாய் செருகி வெண்டிலேட்டரில் வைக்கப்பட்டார். தலைப்பகுதி 30 டிகிரி உயர்த்தப்பட்டு, கழுத்து நேராக. அடர் உப்புக் கரைசலால் சோடியத்தை 145-க்கும் 150-க்கும் நடுவில் நிறுத்தினோம். சிறுநீர் முழுவதும் நிற்கும்வரை காத்திருக்காமல், அம்மோனியாவுக்காகவே தொடர் டயாலிசிஸ். குடல் வழியே அம்மோனியாவைக் குறைத்து நாள்பட்ட நோயில் கைகொடுக்கும் லாக்டுலோஸ் மருந்துக்கு இங்கே பெரிய பங்கு இல்லை. வயிற்றை ஊதவைத்து, மாற்று அறுவை வந்தால் இடைஞ்சலும் செய்யும். குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியே வரும் கிருமிகளை விழுங்கும் குப்ஃபர் செல்களும் ஈரலில்தான் இருக்கின்றன. அந்தக் காவலும் தளர்ந்திருப்பதால் கிருமி வளர்ப்புச் சோதனைகள் நாள்தோறும் செய்யப்பட்டன, ஆன்டிபயாட்டிக்கும் தொடங்கியது.

அம்மோனியா பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. ரத்தத்தை எடுத்து உடனே பனிக்கட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு ஓட வேண்டும். மேசையில் அரை மணி நேரம் கிடந்தால், குழாய்க்குள்ளேயே அம்மோனியா உருவாகி எண் பொய்யாக ஏறும். அதை நம்பி எடுத்த முடிவுகளைத் திரும்பப் பெற முடியாது.

கிங்ஸ் வரையறையின் விளிம்பில் நின்றார். மயக்கம் மூன்றாம் நிலை. ஐ.என்.ஆர். 6.1, எல்லை 6.5. கிரியாட்டினின் 2.9, எல்லை 3.4. திரவம் ஏற்றிய பின் லாக்டேட் 2.8-க்கு இறங்கியிருந்தது. அந்த இறக்கம் இல்லாதிருந்தால் காத்திருப்போர் பட்டியலில் அவசர வரிசையில் பெயர் ஏறியிருக்கும். அவசரப்பட்டால், தானாகத் தேறியிருக்கக்கூடிய ஈரலை வெட்டி எறிந்து, வாழ்நாள் முழுக்க எதிர்ப்புத்திறன் அடக்கும் மருந்தில் தள்ளுவோம். தாமதித்தால் மூளை போய்விடும். இந்த முடிவை எளிதாக்கும் ஒரே எண் இதுவரை கிடைக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதித்து, போக்கைப் பார்த்துத்தான் நகர வேண்டியிருக்கிறது.

திரும்பிய பிறகு

மூன்றாம் நாள் காலை ஐ.என்.ஆர். 5.2, பிளாஸ்மா ஏற்றாமலே. எனக்கு அதைவிடப் பிடித்த எண் பாஸ்பேட். 1.4 மில்லிகிராமுக்கு விழுந்திருந்தது. பாஸ்பேட் குறைவது வேறு எந்த நோயாளியிடமும் தலைவலி. டயாலிசிஸும் அதைக் கொஞ்சம் இழுத்துவிடும் என்பதைக் கழித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். ஆனாலும் ஈரல் செல்கள் பிரிந்து பெருகத் தொடங்கும்போது பாஸ்பேட்டை வாரி எடுத்துக்கொள்கின்றன. அது ஏறிக்கொண்டே போவதுதான் கெட்ட அறிகுறி. குறைவைச் சரிசெய்ய ஊசி போட்டுக்கொண்டே மனதுக்குள் மகிழலாம்.

எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும் அது மீண்டும் வளரும் என்பதை ஹிக்கின்ஸும் ஆண்டர்சனும் 1931-இல் முறையாகக் காட்டினார்கள். அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் முதிர்ந்த, ஏற்கெனவே கடமையில் இருக்கும் ஈரல் செல்களே. நுண்மடலின் ஓரத்தில் தப்பியவை இப்போது ஒரே சமயத்தில் இரண்டு வேலை பார்த்தன: உடலை ஓட்டுவது, தாமே இரட்டிப்பது.

இந்தக் கட்டத்தில்தான் குடும்பம் கலங்கியது. நோயாளி வந்தபோது இல்லாத மஞ்சள் இப்போது கண்ணிலும் தோலிலும் பளிச்சென்று ஏறியது. பிலிரூபின் 7.4. தேறுகிறார் என்று சொல்லும் மருத்துவரை நம்புவதா, கண்ணெதிரே மஞ்சளாகிக்கொண்டிருக்கும் முகத்தை நம்புவதா? பிலிரூபின் சிவப்பணுக்களின் சிதைவிலிருந்து நாள்தோறும் வருவது. ஈரல் அதைப் பிணைத்துப் பித்தநீரில் தள்ளும்வரை சிறுகச் சிறுகத் தேங்கும். பாராசிட்டமால் சேதம் மின்னல் வேகத்தில் நடப்பதால் உச்சத்தில் மஞ்சள் குறைவாகவும், ஐ.என்.ஆர். திரும்பிய பிறகு மஞ்சள் அதிகமாகவும் இருப்பது வழக்கம். காமாலை இல்லை என்பதால் ஈரல் நன்றாயிருக்கிறது என்று சொன்னவர்களும், காமாலை ஏறுவதால் ஈரல் போகிறது என்று சொன்னவர்களும் ஒரே வாரத்தில் தவறிப்போனார்கள்.

ஐந்தாம் நாள் ஐ.என்.ஆர். 2.1. மயக்க மருந்தை நிறுத்தியபோது கண் திறந்து, சொன்னபடி கையை இறுக்கினார். மறுநாள் வெண்டிலேட்டர் அகற்றப்பட்டது. சிறுநீரகம் மட்டும் பிடிவாதம். பாராசிட்டமால் அதன் நுண்குழல்களையும் நேரடியாகத் தாக்குவதால், ஈரல் தேறிய பிறகும் டயாலிசிஸ் ஒரு வாரம் நீடித்தது. மூன்றாம் வாரம் வீடு திரும்பினார்.

பாராசிட்டமால் வகைச் செயலிழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேர் மாற்று ஈரல் இல்லாமலே பிழைக்கிறார்கள். காரணம் தெரியாத கடுமையான செயலிழப்பிலும் பல மருந்து ஒவ்வாமை வகைகளிலும் இந்த விகிதம் வெகுவாகக் குறைவு. அவற்றில் சேதம் மெதுவாக நடக்கும், மஞ்சள் ஆழமாக இருக்கும், மீட்சியும் தயங்கும். வேகமாக அடித்தது வேகமாகவே விலகுகிறது என்று தோராயமாகச் சொல்லலாம்.

மூன்று மாதம் கழித்து வந்தபோது ஐ.என்.ஆர்., பிலிரூபின், கிரியாட்டினின் எல்லாம் இயல்பு. ஸ்கேனில் ஈரல் வழவழப்பாக, வடு இல்லாமல் இருந்தது. ஈரல்சுருக்கத்தில் சேதமும் தழும்பும் ஆண்டுக்கணக்கில் மாறி மாறி வந்து நுண்மடல்களின் கட்டமைப்பே குலைந்துவிடுவதால், போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறி, வயிற்றில் நீரும் உணவுக்குழாயில் புடைத்த சிரைகளும் உண்டாகின்றன. இவருக்கு ஒரே அடி. சட்டகம் நின்றதால் செல்கள் பழைய வரிசையிலேயே நிரம்பின.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று: இனி வாழ்நாளில் பாராசிட்டமால் தொடக் கூடாதா? தொடலாம். ஈரல் முழுதாகத் தேறிய நிலையில் அதற்குத் தடையில்லை. உடல் எடை குறைவாக இருப்பதாலும், சாப்பிட முடியாத நாட்கள் வரக்கூடும் என்பதாலும் நாளுக்கு 2 கிராமைத் தாண்ட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். கூடவே, சளி, காய்ச்சல், உடல்வலிக்கு எந்தக் கூட்டு மாத்திரை வாங்கினாலும் அட்டையின் பின்பக்கத்தில் பாராசிட்டமால் என்ற பெயர் இருக்கிறதா என்று மகளைப் படித்துப் பார்க்கச் சொல்லி.